பதில் வராத திருத்தங்கள்: கட்டற்ற மென்பொருளும் காத்திருக்கவைக்கும் அதிகாரமும்

‘கொ’ என்ற எழுத்தைக் கணிப்பொறிக்குள் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியீடுகளாக அடுக்குவது மற்றொன்று. யூனிகோடு இரண்டையும் சமமாகவே கொள்ளச் சொல்கிறது. திரையில் பார்த்தால் இம்மியும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தேடச் சொன்னால், இந்தச் சமத்துவம் சொல்லித்தரப்படாத நிரல் ஒன்றைக் காட்டும், மற்றதை இல்லவே இல்லையென்று சாதிக்கும். கொக்கு நிற்கிற பக்கத்திலேயே கொக்கு இல்லை என்று சொல்லும்.

பல வருஷங்களுக்கு முன், தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், நான் அன்றாடம் புழங்கிய ஒரு கட்டற்ற மென்பொருளில் இந்தக் கோளாறு இருந்தது. இரவுப்பணி முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தையும் விட்டுவிட்டு 11 வரியில் ஒரு திருத்தம் எழுதி அதன் பராமரிப்பாளருக்கு அனுப்பினேன். 14 மாதம் பேச்சுமூச்சு இல்லை. பிறகு ஒரு கேள்வி வந்தது: இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கின்றன, நீங்கள் எதைத் திருத்தியிருக்கிறீர்கள்? அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் திரையில் இரண்டும் ஒன்றுதான். தமிழ் படிக்கத் தெரிந்த என் திரையிலும் ஒன்றுதான். தேடித் தோற்றவனுக்கு மட்டுமே அவை இரண்டு. விளக்கம் எழுதினேன். மறுபடியும் மௌனம். சில வருஷம் கழித்து, பிரெஞ்சு மொழியின் தலைக்குறியிட்ட எழுத்துகளில் இதே கோளாறு என்று யாரோ சொல்ல, மூன்றே வாரத்தில் சரிசெய்துவிட்டார்கள். அந்தச் சாக்கில் நம்ம கொக்கும் அகப்பட்டது.

இந்தக் கதையைச் சொன்னால் நண்பர்களிடமிருந்து இரண்டு விதமான எதிர்வினைகள் வரும். ஒருவர் சொன்னார்: “இதுல என்ன தோழர் ஆச்சரியம்? மையம் எப்பவும் விளிம்பைப் பாக்காது. வெள்ளைக்காரன் மொழின்னா மூணு வாரம், நம்ம மொழின்னா மூணு வருஷம்.” இன்னொருவர், அவரும் நிரல் எழுதுகிறவர், எரிந்து விழுந்தார்: “அவருக்கு நீங்க சம்பளமா குடுக்கறீங்க? சும்மா குடுக்கறவர்கிட்ட வரிசையில நின்னு கணக்குக் கேக்கறதுக்கு நமக்கு என்ன உரிமை?” இரண்டு பேரும் பாதி சரி. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவில் கிடக்கிற இடத்தைப் பற்றியது.

கணிப்பொறிப் பக்கம் போகாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கட்டற்ற மென்பொருள் அல்லது திறமூல மென்பொருள் (இரண்டுக்குமிடையே தத்துவச் சண்டை உண்டு, இங்கு அது வேண்டாம்) என்பதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் உலகம் பூராவும் இறக்கிக்கொள்கிற அந்த மூலப்படியில் கைவைக்கும் உரிமை ஒருவருக்கோ ஒரு சிலருக்கோதான் இருக்கும். அவர்தான் பராமரிப்பாளர். மற்றவர்கள் தங்கள் திருத்தத்தை அவரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிட்ஹப் போன்ற இடங்களில் இதற்குப் பெயர் புல் ரிக்வஸ்ட். ரிக்வஸ்ட் என்றால் கோரிக்கை, விண்ணப்பம், மனு. சமத்துவம் பேசுகிற ஓர் இயக்கம் தன் மையமான செயலுக்கு மனு என்று பெயர் வைத்திருக்கிறது. இயக்கத்தின் சொல்லாடல் மறைப்பதை அதன் சொல் மறைக்கவில்லை.

அந்தச் சொல்லாடலில் நானும் மயங்கினவன்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தது 1983இல். லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991இல், சோவியத் யூனியன் உடைந்த அதே வருஷம். பெருங்கதையாடல்கள் செத்துப்போயின என்று நாம் சிற்றிதழ்களில் எழுதிக்கொண்டிருந்தபோதே பின்வாசல் வழியாக ஒரு பெருங்கதையாடல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. சொத்துரிமை இல்லாத உற்பத்தி, மேலாளர் இல்லாத உழைப்பு, முடிந்தவர் கொடுத்து வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் பொதுமை. சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயன்படுத்துவோர் குழு இயங்கியது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி.க்குள் கூடுவார்கள். 2005இல் மைய அரசு கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய ஆதார மையத்தை ஏற்படுத்தியபோது அதன் ஒரு பாதி குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில் அமைந்தது. மின்சார ரயிலில் தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் சானடோரியம் ஒன்றுதான் ஸ்டேஷன். புரட்சி அவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எரிக் ரேமண்ட் 1997இல் முன்வைத்த பேராலயமும் சந்தையும் என்ற உருவகம் அந்நாளில் எங்களுக்கு வேதவாக்கு. மூடிய மென்பொருள் பேராலயம் மாதிரி, சில கொத்தனார்கள் ரகசியமாகக் கட்டுவது. லினக்ஸ் சந்தை மாதிரி, இரைச்சலும் கூட்டமுமாகத் தானே உருவாகிவருவது. பார்க்கிற கண்கள் பெருகினால் பிழை எதுவும் ஆழத்தில் ஒளிந்திருக்க முடியாது என்றார். கண்கள் சரி, கை? கையெழுத்துப் போடுகிற கை எத்தனை என்று அந்த உருவகத்துக்குள் யாரும் கேட்கவில்லை. தாம்பரம் சண்முகம் சாலைச் சந்தையில் எந்த வியாபாரியும் உங்கள் கத்திரிக்காயை 14 மாதம் கழித்துப் பார்க்கிறேன் என்று சொல்வதில்லை. சந்தை என்று பெயர் சூட்டப்பட்ட இடத்தின் வாசலில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிறார் என்பதுதான் நிலைமை. அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தின் உள்ளிருந்து ஜோ ஃபிரீமன் 1970களின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டார்: அமைப்பே கிடையாது என்று சொல்லிக்கொள்கிற குழுக்களில் அமைப்பு இல்லாமல் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியாததால் அதைக் கேள்வி கேட்கவும் முடியாமல் போகிறது. பெண்ணியர்களைப் படிக்காமல் கணிப்பொறி படித்ததன் விளைவு, 25 வருஷம் கழித்து அதையே நாங்கள் தலையில் குட்டுப்பட்டுத் தெரிந்துகொண்டோம்.

*

ஆனால் சீட்டுக் கிழிக்கிற அந்த ஆளின் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மென்பொருளில் பார்த்தே ஆகவேண்டும். என் 11 வரி எனக்கு ஒரு பகல் வேலை. அதைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் அவர் யோசிக்க வேண்டியவை: தேடல் மெதுவாகிவிடுமா? கொரிய எழுத்துகளையும் துண்டு துண்டாகவும் முழுதாகவும் எழுதலாம், அங்கே இது என்ன செய்யும்? பழைய கோப்புகளைத் திறந்தால் என்னாகும்? சேர்த்த பிறகு அதில் ஒரு பிழை முளைத்தால் நான் இருக்கமாட்டேன், அவர் இருப்பார். அதாவது நான் அனுப்பியது பரிசு என்ற வடிவில் அவர் உழைப்பின்மேல் வைக்கப்பட்ட ஒரு கோரிக்கை. கொடுப்பவன் கை மேலே, வாங்குகிறவன் கை கீழே என்று நாம் பழகிவைத்திருக்கிற படிமம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. கொடுக்க வந்தவன்தான் கேட்டு நிற்கிறான்.

இந்த உழைப்புக்குக் கூலி கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோதுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. வங்கிகளும் வணிகர்களும் நம்பியிருந்த அந்த நிரலை முழுநேரமாகப் பார்த்துக்கொள்ள அப்போது ஏறக்குறைய ஒரே ஆள். ஆண்டுக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். பெருமுதலாளியம் தன் அஸ்திவாரத்தைச் சில தனிமனிதர்களின் ஞாயிற்றுக்கிழமைகளின் மேல் கட்டியிருந்தது. தாமதம் தாமதம் என்று நாம் புகார் சொல்கிறபோது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் கொஞ்சத்தைத்தான் கேட்கிறோம்.

அனுப்பப்படுகிறவை எல்லாம் மாடுகள்கூட இல்லை. டிஜிட்டல் ஓஷன் என்ற நிறுவனம் வருஷாவருஷம் அக்டோபர் மாதம் ஒரு விழா நடத்துகிறது. 4 திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஒரு காலம் இருந்தது. 2020இல் ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி, ‘அருமையான திட்டம்’ என்று ஒரு வரி என்று ஆயிரக்கணக்கில் குவிந்தன. பராமரிப்பாளர்கள் கதறியபின், விரும்புகிற திட்டங்கள் மட்டும் பங்கேற்கட்டும் என்று அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றினார்கள். அனுப்பியவர்களில் இந்திய மாணவர்கள் ஏராளம். அந்த அக்டோபரில் இந்தியப் பெயர்களைப் பற்றி எழுதப்பட்டவை படிக்க நன்றாக இல்லை. நம் பையன்களை எனக்குத் திட்ட மனசு வரவில்லை. தாம்பரம் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக முளைத்திருக்கிற பொறியியல் கல்லூரிகளில், கிட்ஹப்பில் பச்சைக் கட்டம் நிறைந்திருந்தால் வேலை கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். தன்னார்வம் என்பது ரெஸ்யூமில் ஒரு பத்தியாக மாறியது அவர்கள் செய்த குற்றமில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தது, அவர்களுக்குப் பின்னால் உண்மையான திருத்தத்தோடு வரிசையில் நின்றவன். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித்தருகிற போலி அறிக்கைகள் வேறு. கர்ல் நிரலின் டேனியல் ஸ்டென்பர்க் 2024 தொடக்கத்திலிருந்தே இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ நடத்தினார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். அப்படி ஒரு மனிதரிடம் போய், என் கவிதை என்னாச்சு, மூணு மாசமாகப் பதில் இல்லையே என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆசிரியர் பராமரிப்பாளர் மாதிரிதான்: கூலி இல்லை, வாசல் மட்டும் அவர் கையில். ஆனால் ஒரு வித்தியாசம். ஓர் இதழில் வராத கவிதையை இன்னொரு இதழுக்கு அனுப்பலாம். இரண்டு வருஷம் மேஜையில் கிடந்தாலும் அது அதே கவிதை. மென்பொருள் திருத்தத்தை வேறு எங்கும் அனுப்ப முடியாது, அது அந்த ஒரு நிரலின் அந்த ஒரு இடத்துக்கென்று தைத்த சட்டை. மேலும் அது கெட்டுப்போகும். அடியில் இருக்கிற நிரல் நாளுக்குநாள் மாறிக்கொண்டிருப்பதால் ஆறு மாதத்தில் திருத்தம் பொருந்தாமல் போய்விடும். அனுப்பியவனே மறுபடி உட்கார்ந்து புதிய நிரலுக்கேற்ப வெட்டித் தைக்க வேண்டும். என் 11 வரியை நான் நான்கு தடவை தைத்தேன். ஆகவே காத்திருத்தல் என்பது வெறுமனே நேரம் போவதில்லை. பதில் சொல்லாதவரின் ஒவ்வொரு மாதமும் பதிலுக்கு நிற்பவனின் கணக்கில் வேலையாக ஏறுகிறது. நேரமின்மை இருபக்கமும் இருக்கலாம். அதன் செலவை யார் மேல் தள்ளுவது என்ற அதிகாரம் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

*

அரசு அலுவலகத்தில் மனுப்போட்டு அலைந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சிட்லபாக்கம் ஏரிக்காகவோ செம்பாக்கம் ஏரிக்காகவோ நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், மனுவைக் கொடுத்ததும் முதலில் கேட்பது ரசீது. 2021இல் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி என்று ஆக்கியபின் மேஜைகள் மாறின, ரசீது மாறவில்லை. ரசீதில் ஒன்றும் நடந்துவிடாது. ஆனால் இன்ன தேதியில் இன்னது உங்களிடம் வந்தது என்று அது சாட்சி சொல்லும். திருத்தம் அனுப்புகிறவனுக்கும் ஓர் எண் கிடைக்கிறது, கிட்ஹப் தானாகவே போட்டுவிடும். மனுவுக்குப் பின்னால் இருக்கிற ஒன்றுதான் திருத்தத்துக்குப் பின்னால் இல்லை.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நல்ல பாடம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால்? 7ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு சொல்கிறது, அவர் மறுத்துவிட்டதாகவே கருதப்படும். இந்த வரியின் கூர்மையை நம் ஆர்வலர்கள் போதுமான அளவு வியக்கவில்லை என்பது என் எண்ணம். மௌனத்துக்குச் சட்டம் ஓர் அர்த்தத்தைக் கட்டாயப்படுத்தித் தருகிறது. மறுப்பு என்று ஆகிவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அர்த்தமில்லாத மௌனத்தின் மேல் முறையீடு செய்ய முடியாது. கட்டற்ற மென்பொருளில் மௌனம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. அது சம்மதமா, மறுப்பா, மறதியா, அவருக்கு உடம்பு சரியில்லையா? எல்லாமாகவும் இருக்கலாம் என்பதால் எதுவாகவும் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மறுப்பு வந்திருந்தால் நான் வேறு வேலை பார்த்திருப்பேன். 14 மாதம் என்னைக் கட்டிப்போட்டது அவருடைய ‘வேண்டாம்’ இல்லை, அவர் சொல்லாமல் விட்டது.

மேல்முறையீடுதான் இருக்கிறதே என்பார்கள் சுதந்திரவாதிகள்: பிடிக்கவில்லையென்றால் நிரலை எடுத்துக்கொண்டு தனிக்கிளை பிரித்துப் போ. நம் திராவிட, இடதுசாரி இயக்கங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிரிவது ஒன்றும் அந்நியமில்லை. வரலாற்றில் அது வேலையும் செய்திருக்கிறது. குனுவின் ஜி.சி.சி. நிரல்மாற்றியில் திருத்தங்கள் உள்ளே போகாமல் தேங்கியதால் 1997இல் ஒரு குழு ஈ.ஜி.சி.எஸ். என்று பிரிந்தது. இரண்டே வருஷத்தில், 1999இல், பிரிந்த கிளையையே அதிகாரபூர்வமான மரமாக அங்கீகரிக்கவேண்டி வந்தது. வாசிக்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிந்தவர்களிடையே சிக்னஸ் என்ற நிறுவனத்தின் சம்பளம் வாங்குகிற பொறியாளர்கள் இருந்தார்கள். தாம்பரத்தில் இருந்துகொண்டு கொக்குக்காக நான் தனிக்கிளை பிரித்தால் அதில் நானும் கொக்கும்தான் இருப்போம். பிரிந்துபோகும் சுதந்திரம் எல்லோருக்கும் சமமாக எழுதப்பட்டிருக்கிறது, ஓட்டலில் சாப்பிடுகிற சுதந்திரம் மாதிரி.

லினக்ஸிலேயே 1998இல் இந்த நெருக்கடி வந்தது. திருத்தங்கள் டோர்வால்ட்ஸிடம் போய்க் காணாமல் போயின. அனுப்பினார்கள், மறுபடி அனுப்பினார்கள், மறுபடியும். ஒருவர் பெரிதாகிக்கொண்டே போகமுடியாது என்ற பேச்சு எழுந்தது. அவரும் கோபித்துக்கொண்டு விடுப்பில் போனார். அதற்குப் பதிலாக அவர்கள் அவரை வேகமாக வேலை செய்யச் சொல்லவில்லை. பாதி வழியில் ஆட்களை வைத்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர், அவர்கள் பெயர்களுக்கு ஒரு கோப்பு. 2002இல் பிட்கீப்பர், அதன் இலவச உரிமம் பறிபோனதும் 2005இல் கிட். இன்றைக்கு அதன் கையேடு பங்களிப்பாளனுக்குச் சொல்கிறது: இரண்டு மூன்று வாரத்தில் கருத்து வரும், குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்து நினைவூட்டு. இந்த நிதானமான வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. டெபியன் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒரு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர் பதில் சொல்லவில்லையென்றால், உரிமையாளர் அல்லாத இன்னொருவர், இத்தனை நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, திருத்தத்தை ஏற்றலாம். யாரும் பார்க்காமல் விடப்பட்டதை அநாதை என்று பகிரங்கமாக அறிவிப்பார்கள், தத்தெடுக்க ஆள் கேட்பார்கள். வார்த்தைகள் கொஞ்சம் மனசை உறுத்துகின்றன. ஆனால் ‘இனி என்னால் முடியாது’ என்பதை அவமானம் இல்லாமல் சொல்ல ஓர் இடம் அங்கே இருக்கிறது. எந்தத் தமிழ் அமைப்பில் அப்படி ஓர் இடம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

அவசரத்தின் ஆபத்தையும் சொல்லாமல் விட்டால் இது ஒருபக்கச் சாட்சியாகிவிடும். எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் நிரலை லாஸ்ஸே கொலின் பல வருஷங்களாகத் தனியாகப் பார்த்துவந்தார். 2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் நல்ல திருத்தங்களாக அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்கள் கிளம்பின, ஒரே புகாரோடு: இங்கே எல்லாம் தாமதம், திருத்தங்கள் கிடந்து அழுகுகின்றன, வேறு ஆளைப் போடுங்கள். கொலின் அந்த ஜூனில் எழுதினார், தனக்கு நீண்டகால மனநலச் சிக்கல்கள் இருக்கின்றன, இது கூலியில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. அழுத்தம் நிற்கவில்லை. ஜியா டானிடம் சாவி போயிற்று. 2024 பிப்ரவரி, மார்ச் மாதப் பதிப்புகளில் உலகத்துச் சர்வர்களுக்குள் நுழைய ஒரு கள்ளவாசல் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் புகார்ப் பெயர்களுக்குப் பின்னால் உண்மையான ஆட்கள் இருந்ததாகத் தெரியவில்லை. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று நோண்டப்போய், 2024 மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. தாமதம் என்ற புகாரால் திறந்த கதவு அரை நொடித் தாமதத்தால் பிடிபட்டது.

இதைப் படித்த இரவு என் பழைய நினைவூட்டல்களை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பொய்ப்பெயர்களின் வாக்கியங்களுக்கும் என்னுடையவற்றுக்கும் நடையில் பெரிய வித்தியாசம் இல்லை. நியாயமான ஏக்கமும் திட்டமிட்ட சதியும் ஒரே மொழியில்தான் எழுதுகின்றன. பெற்றுக்கொள்கிறவரால் பிரித்தறிய முடியாது, கொக்குகள் இரண்டையும் பிரித்தறிய முடியாத மாதிரி.

*

இவ்வளவும் சொல்கிறவன் என்ன செய்தான் என்று வாசகர் கேட்பார். சொல்கிறேன்.

தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணுகிற ஒரு சின்ன நிரல்தொகுப்பு எழுதி வெளியிட்டிருக்கிறேன். ‘தமிழ்’ என்பது கணிப்பொறிக்கு 5 குறியீடு, நமக்கு 3 எழுத்து. இந்தக் கணக்கைப் போட்டுத்தருவதுதான் அதன் வேலை. யாப்புப் பார்க்கிறவர்களும் சொல்விளையாட்டுச் செய்கிறவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் நானும் பராமரிப்பாளன் ஆனேன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, முதலில் எழுதினவன் நான், அவ்வளவுதான்.

வண்டலூர்ப் பக்கத்து ஒரு கல்லூரி மாணவி 23 வரியில் ஒரு திருத்தம் அனுப்பினாள். என் நிரல் ‘க்ஷ’வை இரண்டு எழுத்தாக எண்ணியது. அவள் ஒன்றாக எண்ண வைத்திருந்தாள். கூடவே ‘ஸ்ரீ’யும். (அதை இரண்டு விதமாக எழுதலாம் என்பதும், அதில் ஒன்றுக்கான சகர எழுத்து யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.) சோதனை நிரல்களும் எழுதியிருந்தாள். சுத்தமான வேலை. அவள் பெயரிலேயே க்ஷ இருந்தது.

ஏழு மாதம் நான் பதில் எழுதவில்லை.

நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தாம்பரத்திலிருந்து பீச் போகிற ரயிலில் தினமும் ஒரு மணி நேரம் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன்தான். உண்மைக் காரணம், க்ஷ ஓர் எழுத்தா என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஓர் எழுத்து என்று ஏற்றால், 247க்கு வெளியே இருப்பதற்கு நிரலுக்குள் குடியுரிமை தருகிறேன். வடசொல்லை ஏற்றாலும் வடவெழுத்தை விலக்கச் சொன்ன தொல்காப்பியரிலிருந்து என் தனித்தமிழ் நண்பர்கள் வரை வரிசையாக வந்து நிற்பார்கள். இரண்டு எழுத்து என்று மறுத்தால், பள்ளிக்கூடத்து அட்டையில் ஒரே கட்டத்துக்குள் அதைப் படித்து வளர்ந்த ஒரு பெண்ணிடம், உன் பெயரை நீ தப்பாக எண்ணுகிறாய் என்று சொல்கிறேன். 23 வரி நிரலுக்குள் ஒரு நூற்றாண்டு மொழி அரசியல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. முடிவு எடுக்க வேண்டியவன் நான், எடுக்கப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு ‘வேலைப்பளு’ என்று பெயர் வைத்தேன். என் மௌனத்தால் நிரல் பழையபடியே க்ஷவை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தது என்பதை, அதாவது முடிவு எடுக்காமலே ஒரு முடிவை நான் அமல்படுத்திக்கொண்டிருந்தேன் என்பதை, அப்போது பார்க்க மறுத்தேன்.

அவள் இரண்டு தடவை நினைவூட்டினாள். இரண்டாவதில் இருந்தது: “சார், நான் அனுப்புனதுல ஏதாவது தப்பு இருக்கா? இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்.” தப்பு அவளிடம்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பதில் வராத இடத்தில் மனுதாரர் இட்டு நிரப்பிக்கொள்வது எப்போதும் தன் குறையைத்தான். 14 மாதம் நானும் என் ஆங்கிலம்தான் சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதம் அவள் தன் திருத்தத்தைத் தானே மூடிவிட்டாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்தக் கணக்கில் அதற்குப் பிறகு எந்தச் சலனமும் இல்லை.

பிற்பாடு அவள் நிரலை, அவள் பெயரிலேயே, சேர்த்தேன். க்ஷவை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதைப் பயன்படுத்துகிறவரே சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு தெரிவு வைத்தேன். எதையும் சொல்லாவிட்டால் ஒன்று. இதற்காக ஒரு நண்பர் என்னோடு பேச்சை நிறுத்தினார், பிறகு பேசினார். அவளுக்கு எழுதினேன். பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு முகாந்திரம் இல்லை.

இப்போது தொகுப்பின் முகப்பில் நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன். எதை அனுப்பினாலும் 30 நாளுக்குள் ஒரு வார்த்தையாவது எழுதுவேன், அது ‘தெரியவில்லை’ என்பதாகவும் இருக்கலாம். எழுதாவிட்டால் அதை மறுப்பு என்று கொள்ளலாம். அப்போது என் அனுமதி இல்லாமலே திருத்தத்தைச் சேர்க்கும் உரிமை வேறு இரண்டு பேரிடம் இருக்கிறது, அவர்களுக்கு எழுதுங்கள். என்னிடமிருந்து ஆறு மாதம் சத்தமே இல்லையென்றால் தொகுப்பு அவர்களுடையது. எரிந்து விழுந்த அந்த நண்பரிடம் காட்டினேன். “சட்டம் போட்டுக்கிட்டீங்க, சரி. சம்பளம் யாரு குடுப்பா?” என்றார்.

அந்த நான்கு வரியை எழுதியபின் மூன்று திருத்தங்கள் வந்தன. இரண்டுக்குப் பதில் எழுதிவிட்டேன், ஒன்றை ஏற்றும் ஒன்றை மறுத்தும். மூன்றாவது ஆய்த எழுத்தைப் பற்றியது. பகரத்தோடு அது சேர்ந்து ‘ஃப’ என்று வரும்போது எத்தனை எழுத்து என்று கேட்கிறார் அனுப்பியவர். இன்றோடு 19 நாள்.